இரண்டு வண்ணம், இரண்டு வாழைப்பழம்

கறுப்பும் சிவப்பும் இருந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் நாம்தாம். ஒரே வண்ணத்தில் அடித்தால் போதாதா, செலவும் குறையும், நேரமும் மிஞ்சும் என்று அச்சகத்தார் சொல்லிப் பார்த்தார். கேட்போமா? செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள். 2021 முதல் தமிழ்நாடு அரசே சமூக நீதி நாளாகக் கொண்டாடும் நாள். அந்த நாளுக்கு நம் படிப்பகம் வெளியிடும் துண்டறிக்கை வெறும் கறுப்பிலா வருவது? கறுப்பு இழிவைக் குறிப்பது, சிவப்பு அதைத் துடைக்க எழும் எழுச்சியைக் குறிப்பது என்று மேடைதோறும் விளக்கம் கேட்டு வளர்ந்தவர்களாயிற்றே! “இரண்டு வண்ணம்தான்” என்றோம். “விடியற்காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கொடுத்தாக வேண்டும்” என்றும் சேர்த்துக்கொண்டோம். அப்போது இரவு மணி எட்டு.

திண்டுக்கல்லில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கும் சந்துகளில், பூட்டுப் பட்டறைக்கும் பிரியாணிக் கடைக்கும் இடையே, ஒரு கதவு அளவுக்கு இடம் கிடைத்தால் அங்கே ஓர் அச்சகம் இருக்கும். காதணி விழா, திருமணம், புதுமனை புகுதல், கண்ணீர் அஞ்சலி – ஊராரின் இன்பமும் துன்பமும் அந்தச் சந்துகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. நாம் சென்ற அச்சகம் பத்தடி அகலம், இருபதடி நீளம். ஒரு மினி ஆப்செட் எந்திரம், ஒரு வெட்டு எந்திரம், சுவரோரம் கூரை வரை தாள்கட்டு. பின்சுவரில் சன்னல் கிடையாது. மழைத் தூறலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தனர். மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. ஓடினால் தாள் பறக்குமாம்.

எந்திரத்தை ஓட்டுபவர் நமக்கு அறிமுகமானவரே. அவருடைய மகன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். “வாங்க சார், சித்த உக்காருங்க” என்று தாள்கட்டைத் தட்டிக் காட்டினார். அதற்கு முன் அந்த எந்திரத்தில் ஓடியது யாரோ ஒருவரின் நினைவஞ்சலி, முழுக்கக் கறுப்பு. கறுப்பு ஓடிய உருளையில் அப்படியே சிவப்பை ஏற்றினால் சிவப்பு மங்கிப்போகும். ஆகவே கழுவவேண்டும். ஒரு பிளாஸ்டிக் கேனைத் திறந்தார். உருளைகளின் மேல் ஊற்றினார், ஓடவிட்டார், பழந்துணியால் துடைத்தார். மீண்டும் ஊற்றினார், மீண்டும் துடைத்தார். பிளாங்கெட் என்று அவர்கள் சொல்லும் இரப்பர் விரிப்பின்மேல் முகத்தை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுபோய், மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். நான்கு முறை கழுவிய பிறகே சிவப்பு மை ஏறியது. சிவப்பு ஆயிரம் தாள் ஓடி முடிந்ததும் மறுபடியும் கழுவல், தகடு மாற்றம், பிறகு கறுப்பு.

முதல் கழுவலிலேயே நமக்குத் தலை சுற்றிற்று. ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தோம்; பிறகு, நாகரிகமாகச் சொன்னால், தேநீர் அருந்த வெளியே சென்றோம். உண்மையைச் சொன்னால், ஓடினோம். எதிர்க்கடை பலகையில் உட்கார்ந்து, பாதி இறங்கிய ஷட்டரின் கீழே அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கால்கள் மூன்று மணி நேரம் அங்கேயே நின்றன. அத்தனை நேரமும் நாம் கடைப்பலகையில் உட்கார்ந்து மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்!

நள்ளிரவு நெருங்கும்போது தாள்கட்டு கைக்கு வந்தது. நல்ல அச்சு. சிவப்பு குருதிபோலப் பளிச்சென்று இருந்தது. அவர் அதே கேனைச் சாய்த்து, அதே நீர்மத்தை உள்ளங்கையில் வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல முழங்கை வரை கழுவிக்கொண்டார். தோல் வெளிறி, பனிக்காலத்து வயல்போல வெடித்திருந்தது. சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பை. பையில் இரண்டு வாழைப்பழம்.

“அந்த வாடை தலைக்கு ஏறலியாண்ணே?” என்றோம்.

“ஆரம்பத்துல ஏறும் சார். இப்ப பழகிருச்சு. மொதலாளி தெனம் ரெண்டு பழம் வாங்கிக் குடுத்துருவாரு. பழம் சாப்ட்டா நெஞ்சுல தங்காது, எல்லாம் கழிஞ்சிரும்.”

“நல்லது” என்றோம் நாம்.

ஆம், “நல்லது” என்றே சொன்னோம். நாம் யார்? வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கினால், “கண்ணேறு என்பது எந்தப் பொருளால் ஆனது, எப்படிப் பாய்கிறது, எலுமிச்சை அதை எப்படித் தடுக்கிறது?” என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்கிறவர்கள். ஆயுத பூசைக்கு எந்திரத்தின் நெற்றியில் சந்தனம் வைப்பதைப் பார்த்தால் புன்முறுவல் பூக்கிறவர்கள். அந்த எந்திரத்துக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். அதைக் கண்டு சிரித்தும் இருந்தோம். ஆனால் இரண்டு வாழைப்பழம் நுரையீரலைக் கழுவும் என்றபோது நம் பகுத்தறிவு எங்கே போயிற்று? எந்தப் பொருளால், எந்த வழியால் என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அன்றிரவு நம் துண்டறிக்கை வெளிவந்திருக்காது. எலுமிச்சை மூடநம்பிக்கையால் நமக்கு ஆதாயம் ஏதுமில்லை, அதனால் எதிர்த்தோம். வாழைப்பழ மூடநம்பிக்கையால் நமக்கு ஆதாயம் இருந்தது, அதனால் “நல்லது” என்றோம்!

நாம் படித்தது கலைப் பட்டம். வேதியியலில் நம் அறிவு மிகக் குறைவு. ஆகவே மறுநாள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையிடம் சென்று, “அந்தக் கேனில் இருப்பது என்ன?” என்று கேட்டோம். அவர் சொன்ன முதல் விடையே நம்மைத் திகைக்க வைத்தது. “கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?” பார்த்திருந்தோம். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பெயின்ட் கடையில் ‘தின்னர்’ என்று கேட்டால் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பது அது. சில நாள் பெட்ரோல், சில நாள் மண்ணெண்ணெய், எது மலிவோ அது. தின்னர் என்பது ஒரு பொருளின் பெயரன்று; பல கரைப்பான்களின் கலவைக்கு வைத்த பொதுப்பெயர். டொலுவீன் இருக்கலாம், சைலீன் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். பெயரில்லாத பகைவனோடு அந்த மனிதர் பதினெட்டு ஆண்டுகளாகப் போரிட்டு வருகிறார். கையில் ஆயுதம் இரண்டு வாழைப்பழம்!

பழம் என்ன செய்யும்? இரைப்பைக்குப் போகும்; செரிக்கும்; பசி தணிக்கும். கரைப்பானின் ஆவியோ இரைப்பைக்குப் போவதே இல்லை. மூக்கு வழியே நுரையீரலுக்கு, நுரையீரலின் மெல்லிய சவ்வைக் கடந்து குருதிக்கு, குருதியோடு சில நொடிகளில் மூளைக்கு. மூளையும் நரம்பும் கொழுப்பு நிறைந்தவை. கரைப்பான்களோ கொழுப்பை நாடிச் செல்பவை. தலைசுற்றலும், மயக்கமும், “பழகிருச்சு” என்ற அந்தச் சொல்லுமேகூட அதன் வேலைதான். பழகுவது உடம்பு தேறியதன் அடையாளமன்று, மூக்கு மரத்துப்போனதன் அடையாளம். கையைக் கழுவினாரே, அது இரண்டாவது வழி. தோலின் எண்ணெய்ப்பசையை அது கரைத்து எடுக்கிறது. காவல் போன தோலின் வழியே தானும் உள்ளே நுழைகிறது. மூக்கு வழியும் தோல் வழியும் புகுந்ததை, வாய் வழியே போகும் பழம் எந்தச் சந்தில் மறித்துப் பிடிக்கும்?

சிலர் துணிமுகமூடி போதும் என்பர். கொரோனாக் காலத்திலிருந்து அது எல்லார் வீட்டிலும் இருக்கிறதே! தூசியைத் தடுக்கும் அது, ஆவியைத் தடுக்காது. ஆவியைப் பிடித்துவைக்கக் கரித்தூள் அடைத்த முகமூடி வேண்டும், அதையும் அவ்வப்போது மாற்றவேண்டும். மேல்விசிறி போதும் என்பர் வேறு சிலர். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. மூடிய அறையில் விசிறி அவற்றைக் கிளறிவிடுமேயன்றி வெளியே அனுப்பாது. ஆவி எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ளவேண்டும்.

இந்தப் பழத்துக்கு ஒரு தாத்தா உண்டு. அதன் பெயர் பால். நாகல் நகரில் நமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர், எண்பதை எட்டப்போகிறவர். கேஸ் என்னும் கட்டம் கட்டமான பெட்டியின் முன் காலையில் நின்றால் மாலைவரை நிற்பாராம். ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்து, அச்சானபின் ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து அதனதன் கட்டத்தில் போடுவாராம். “எங்க காலத்துல பழமா? பாலு! வெல்லமும் உண்டு. ஈயத்தை முறிக்கும்னு சொல்லுவாங்க” என்றார். அந்தப் பாலும் பல நாள் தேநீராக உருமாறித்தான் வந்ததாம்.

பால் உணவு. உணவு என்ற அளவில் அதைக் குறைசொல்வதற்கில்லை. வெறும் வயிற்றிலும், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பிலும் ஈயம் கூடுதலாக ஏறும் என்பதும் உண்மையே. ஆனால் ஏறிய ஈயத்தைப் பால் முறிக்காது. எலும்பில் புகுந்த ஈயம் பல்லாண்டு அங்கேயே தங்கும். தொழிலை விட்டு ஓய்ந்த பின்னும் சிறுகச் சிறுகக் குருதிக்குள் கசிந்துகொண்டிருக்கும். குருதி வெளிறும், வயிறு முறுக்கும், சிறுநீரகம் கெடும். முற்றினால் மணிக்கட்டு தொங்கிப்போகும். எழுத்துப் பெட்டியின் அடியில் படிந்த தூசியை வாயால் ஊதிச் சுத்தம் செய்வது, கை கழுவாமல் சோறுண்பது – இந்த இரண்டு வழியாகத்தான் ஈயம் பெரும்பாலும் உள்ளே போயிற்று. ஊதுகுழாய்க்கும் சோப்புக்கும் செலவிட்டிருந்தால் பாலை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

இது அண்மையில் கண்டறிந்த உண்மையுமன்று. அமெரிக்க விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் அச்சுத் தொழிலாளி. 1724இல் லண்டன் அச்சகமொன்றில் வேலை செய்தபோது, ஈரமான ஈய எழுத்துக்களைத் தீயருகே காயவைத்து, குளிருக்கு இதமாகச் சூட்டோடு கையாண்டார். கையெலும்பில் ஒரு நோவு தெரிந்தது. முதிய தொழிலாளி ஒருவர், அப்படிச் செய்து கை செயலிழந்தவர்களை எடுத்துக்காட்டி எச்சரித்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1786இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்ட பிராங்க்ளின், பயனுள்ள உண்மையொன்று தெரிந்த பின்னும் உலகம் அதை ஏற்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று வருந்தினார். அவருக்கும் முன்னதாக, 1700இல், இத்தாலிய மருத்துவர் ராமசினி தொழிலாளர் நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1713இல் அதை விரிவாக்கியபோது அச்சுத் தொழிலாளரையும் சேர்த்தார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு “நீ என்ன தொழில் செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தாம்.

இங்கே ஒன்றை நினைத்துப்பார்க்கிறோம். நம் இயக்கம் எந்தக் கோவிலிலும் பிறக்கவில்லை, எந்த அரண்மனையிலும் வளரவில்லை, அச்சுக்கூடத்தில்தான் வளர்ந்தது. 1925இல் ஈரோட்டில் ‘குடி அரசு’, 1942இல் காஞ்சியில் ‘திராவிட நாடு’, அதே 1942இல் திருவாரூரில் துண்டறிக்கையாகத் தொடங்கிய ‘முரசொலி’ – ஒவ்வோர் எழுத்தையும் யாரோ ஒருவர் ஈயத்தில் தொட்டுக் கோத்தார். சிங்காரவேலர் ‘குடி அரசி’ல் எழுதிய அறிவியல் கட்டுரைகளையும் அப்படித்தான் கோத்தார்கள். பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டில் நடைமுறைப்படுத்தியபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, அச்சுக்கோப்பதில் உள்ள இடர். ணை, லை, ளை, னை எழுத்துக்களுக்கும் ணா, றா, னா எழுத்துக்களுக்கும் இருந்த தனி உருவங்கள் ஒழிந்தால் பெட்டியில் அத்தனை கட்டம் குறையும். தமிழ்நாடு அரசு அதை ஏற்றது 1978இல். “அந்த வருசத்துக்கு அப்புறம் கைக்குக் கொஞ்சம் ஓய்வுங்க” என்றார் நாகல் நகர் முதியவர். எழுத்தைப் பற்றிச் சிந்தித்தபோது எழுத்தைக் கோப்பவரின் கையையும் சிந்தித்த ஒருவரின் பிறந்த நாளுக்குத்தான் நாம் அந்த இரவில் அச்சகத்தை விரட்டினோம்.

ஈயம் போயிற்று. ஆப்செட் வந்தது. விடம் தொழிலை விட்டு விலகவில்லை, உடையை மாற்றிக்கொண்டது. 1980களில் தைவானின் தைப்பே நகரில் சோதனைப்படி எடுக்கும் அச்சுத் தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்து, வலுவிழந்தது. காரணம் துடைக்கும் நீர்மத்தில் இருந்த ஹெக்சேன். அதைவிடக் கொடியது ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்தது. அங்கேயும் சோதனைப்படி எடுக்கும் ஒரு சிறு அச்சு நிறுவனம். அங்கேயும் காற்றோட்டம் போதாத அறை. அங்கேயும் இளைஞர்கள் நாளொன்றுக்குப் பல நூறு முறை பிளாங்கெட்டைத் துடைத்தார்கள். பொதுவாக முதியவர்களுக்கு, அதுவும் அரிதாக வரும் பித்தநாளப் புற்றுநோய் அவர்களைப் பற்றியது. 2012இல் செய்தி வெளிவந்தது; 2013இல் வெளியான ஆய்வு அந்த ஒரே நிறுவனத்தில் 11 ஆண்களை எண்ணிக் காட்டியது. நோய் கண்டபோது அவர்களுடைய வயது 25 முதல் 45 வரை. அறுவர் இறந்துவிட்டிருந்தனர். பின்னர் எண்ணிக்கை இன்னும் கூடிற்று.

காரணமாகத் தெரிந்த பொருள் 1,2-டைகுளோரோபுரொப்பேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதற் பிரிவில் வைத்தது. இதில் நம்மை உலுக்கும் செய்தி வேறு. அந்த இளைஞர்கள் அதைக் கையாண்ட காலத்தில் ஜப்பானின் கரைப்பான் விதிகளில் அந்தப் பொருளின் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாதது தீங்கில்லாதது என்று கருதிவிட்டார்கள்! திண்டுக்கல் கேனில் அதுதான் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று சொல்ல ஒருவருமில்லை என்பதையே சொல்கிறோம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், மருத்துவர் கண்டால் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியல் ஈய நச்சிலிருந்துதான் தொடங்கியது. பென்சீனும் அதன் இனமும் அதில் இருந்தன. ஆனால் மின்னாற்றலோடு இயங்கினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்திற்று. நம் அச்சகத்தில் இருப்பவர் நால்வர்: முதலாளி, எந்திரம் ஓட்டுபவர், தாள் வெட்டுபவர், பகலில் வந்து மடித்து ஒட்டும் ஓர் அம்மையார். பழைய வேலியும் அவர்களைத் தொடவில்லை. புதிய வேலி இன்னும் தள்ளிப்போயிற்று.

இதே ஊரில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு கிணறுகளில் இறங்கியபோது, கிணற்று நீர் நிறம் மாறியது எல்லார் கண்ணிலும் பட்டது. உழவர் பேசினர், ஊர் பேசியது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அன்று ‘திண்டுக்கல் அண்ணா’ என்று பெயர் தாங்கியிருந்த நம் மாவட்டமும் அதில் இருந்தது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்றது தீர்ப்பு. நம் மாவட்டத்து மலைமேல் கொடைக்கானலில், வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் காட்டில் கொட்டப்பட்டது தெரிந்து 2001இல் ஆலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து ஆண்டு! அங்கே கேட்க ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். அச்சகச் சந்தில் ஆவி கிணற்றில் இறங்குவதில்லை, காட்டில் கொட்டுவதில்லை. ஒரே ஒரு மனிதரின் மூக்கில் இறங்குகிறது. அவரும் “பழகிருச்சு” என்கிறார்.

ஒரு வாரம் கழித்து அச்சகத்துக்கு மீண்டும் சென்றோம். சண்டைக்குச் செல்பவர்போலத்தான் சென்றோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். முதலாளி என்ற சொல் மனத்தில் எழுப்பும் உருவம் ஒன்று உண்டல்லவா? அங்கே இருந்தவர் அந்த உருவத்துக்கு ஒத்துவரவில்லை. தாமே சட்டையில்லாமல் எந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார், தாமே இருமிக்கொண்டிருந்தார். “சார், நீங்க சொல்றது சரி. பாதிக் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்புல போயிருது. மெசின் லோன் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. நானும் அதே வாடையிலதான நிக்கிறேன்? பழம் எனக்கும் சேத்துத்தான் வாங்குறேன்” என்றார். சிறுமலைப் பழம் வாங்கிக்கொண்டிருந்தவர், விலை ஏறியதால் இப்போது நாட்டுப்பழத்துக்கு இறங்கிவிட்டாராம். ஏமாற்றுவதற்காகப் பழம் கொடுக்கிறவர் அல்லர் அவர்; தாமும் ஏமாந்தவர். ஆனால், நோய் வந்தால் அவருக்கு எந்திரம் மிஞ்சும், மற்றவருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டோம். விடை சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை.

பேசிப் பேசிச் சில செய்திகள் முடிவாயின. பின்சுவரில் எந்திரத்தின் உயரத்துக்கே ஓர் ஓட்டையிட்டு, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறி. கேனுக்கு மூடி; ஊறிய துணிக்கு மூடியுள்ள தகரப் பெட்டி. கை கழுவத் தின்னர் கூடாது; தேங்காயெண்ணெய் தேய்த்து மையை இளக்கி, பிறகு சோப்பு. கையுறையில்தான் சங்கடம். மருத்துவமனையில் போடும் மெல்லிய உறை தின்னரில் பட்டதும் ஊறிப் பிய்கிறது. தடித்த நைட்ரைல் உறையும் சில கலவைகளுக்கு நெடுநேரம் தாங்குவதில்லை. அதைப் போட்டால் தாளின் மூலை பிடிபடவில்லை என்கிறார் எந்திரம் ஓட்டுபவர். டென்மார்க்கில் தாவர எண்ணெயிலிருந்து செய்த நீர்மத்தால் ஆப்செட் எந்திரங்களைத் துடைக்கக் கற்றுக்கொண்டு, 1990களில் அது ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. திண்டுக்கல் கடைகளில் கேட்டுப் பார்த்தோம்; சிரித்தார்கள். மதுரையிலும் சிவகாசியிலும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம்.

நம் பங்குக்கு நாமும் சில ஒப்புக்கொண்டோம். துண்டறிக்கை மூன்று நாள் முன்னதாக, பகலில், ஷட்டர் முழுதும் திறந்திருக்கும்போது மட்டுமே அடிக்கக் கொடுப்பது. விசிறிச் செலவில் பாதியைப் படிப்பகம் ஏற்பது. இதைப் படிப்பகக் கூட்டத்தில் சொன்னபோது பணத்தைப் பற்றி ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் “இனி ஒரே வண்ணம்” என்றதும் கொந்தளிப்பு. கறுப்பு சிவப்பை விட்டுக்கொடுப்பதா? கொள்கையை விட்டதாகப் பொருளாகாதா? இரண்டு மணி நேரம் பேசினோம். வழி சொன்னவர் எந்திரம் ஓட்டுபவரேதான். “சிவப்புத் தாள்ல கறுப்பு மை ஓட்டிருவோம் சார். ரெண்டு கலரும் வந்துரும், ஒரு கழுவல்தான்.” ஆண்டுக்கணக்காக அரசியல் பேசும் நமக்கு இது தோன்றவே இல்லை! தோழர் ஒருவர் மட்டும் இன்னும் முறுமுறுக்கிறார்; சிவப்புத் தாளில் அடித்தால் லாட்ஜில் தங்கி மூலநோய் பார்க்கும் வைத்தியர் நோட்டீசுபோல் இருக்கிறதாம். இருக்கத்தான் செய்கிறது. அக்டோபரில் வந்த அறிக்கை அப்படித்தான் வந்தது.

விசிறி இன்னும் பொருத்தப்படவில்லை. கட்டட உரிமையாளர் சுவரை உடைக்க ஒப்பவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையே அந்த அண்ணன் நம்மிடம் ஒன்றைச் சொன்னார். ஓராண்டாகக் கால்விரல்கள் மதமதவென்று இருக்கின்றனவாம். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லையாம். மருத்துவரிடம் போயிருக்கிறார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்களாண்ணே?” என்றோம். “இல்ல சார், வயசுதான் கேட்டாங்க” என்றார். மரப்பு எதனால் என்று நாம் முடிவு கட்டமுடியாது. சர்க்கரையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஆய்ந்தால்தான் தெரியும். ஒரு தாளில் அவருடைய வேலை, பதினெட்டு ஆண்டு, நாளொன்றுக்கு எத்தனை கழுவல், கேனில் பெயரில்லை, அறையில் சன்னலில்லை என்று வேதியியல் ஆசிரியை தெளிவாக எழுதித் தந்திருக்கிறார். திங்கட்கிழமை அந்தத் தாளோடு மருத்துவமனைக்குப் போகிறோம். அன்று அரைநாள் கூலியை யார் கொடுப்பது என்பது இன்னும் பேசி முடியவில்லை.